ஆறு சிரிஞ்சு உப்புத் தண்ணீர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். சேரியில் பட்ட அடியை எழுதினால் தோழர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். மாரைப் பற்றி எழுதினால் ஆண் தோழர்கள் டீ கிளாசைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். 2002-இல் குட்டி ரேவதி தன் கவிதைத் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பேர் வைத்ததுக்குப் படித்தவர்களே என்ன குதி குதித்தார்கள் என்று பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. அந்தச் சமயத்தில் நான் தி.நகரில் ஒரு புடவைக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு இலக்கியம் தெரியாது. எனக்குத் தெரிந்தது, என் இடது பக்கத்தில் பன்னிரண்டு வருஷம் கிடந்த ஒரு பையும் அதுக்குள் இருந்த உப்புத் தண்ணியும்தான். அதைச் சொல்கிறேன்.

2022 ஏப்ரல் கடைசி வாரம். ராயபுரம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி, பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு. மேஜைமேல் படுக்கச் சொல்லி ரவிக்கையைக் கழற்றச் சொன்னார்கள். டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு. எனக்கு ஒரு பெண் பிறந்திருந்தால் அந்த வயசு இருக்கும். கையில் ஒரு சாமான் எடுத்துவந்தார். குட்டி ஊஞ்சல் மாதிரி ஒரு சட்டம், நடுவில் ஒரு காந்தம் ஆடிக்கொண்டிருந்தது. அதை என் மார்மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். ஒரு இடத்துக்கு வந்ததும் காந்தம் ஆடாமல் நேராக நின்று கீழே பார்த்தது. "இங்கதாம்மா போர்ட் இருக்கு" என்று பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

போர்ட் என்றால் ஊசி இறக்குகிற இடம். பையின் முன்பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை விடக் கொஞ்சம் பெரிசாக வட்டமாக இருக்கும். அடியில் காந்தத் தகடு. அந்த இடத்தில் மட்டும்தான் ஊசி இறங்கலாம், வேறெங்கே குத்தினாலும் பை ஓட்டையாகிவிடும். "ஓட்டையானாத்தான் என்ன டாக்டர், எடுக்கத்தானே போறீங்க?" என்றேன். சிரித்துவிட்டார்.

"அதுவும் சரிதாம்மா. போர்ட் இல்லாத பையா இருந்தா அப்படித்தான் செய்வோம். மரத்துப்போக ஊசி போட்டுட்டு, இன்னொரு ஊசியால பையில ஒரு ஓட்டை. தண்ணி உள்ளேயே வடிஞ்சு, ரத்தத்துல சேர்ந்து, ஒண்ணு ரெண்டு நாள்ல மூத்திரத்துல போயிடும். பாட்டில்ல ஏத்தறோமே சலைன், அதேதான். உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது. உங்களுக்குப் போர்ட் இருக்கறதால வெளியவே இழுத்துடலாம்."

ஊசி குத்தினதே தெரியவில்லை. மரத்துப்போக மருந்தும் தேவைப்படவில்லை. மாரை எடுத்த நாளிலிருந்தே அந்த இடத்தில் எனக்கு உணர்ச்சி கிடையாது. சிஸ்டர் கிட்னி டிரேயைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா இழுத்தார். லேசாக மஞ்சள் பூத்த தண்ணி சிரிஞ்சில் ஏறியது. டிரேயில் ஊற்றினார். மறுபடியும் இழுத்தார். சிரிஞ்சுக்கு 60 மில்லி, மொத்தம் ஆறு சிரிஞ்சு. 360 மில்லி. ஆவின் அரை லிட்டர் பாக்கெட்டை விடக் குறைவு. சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்பது கணக்கு. அப்படிப் பார்த்தால் மூணு கிராம் சொச்சம் உப்பு. ஒரு சொம்பு ரசத்துக்குப் பத்தாது. இதுக்கா நான் அத்தனை வட்டி கட்டினேன் என்று படுத்தபடியே கணக்குப் போட்டேன்.

கடைசி சிரிஞ்சு இழுக்கும்போது மார்மேல் தோல் உள்ளே போய், விளிம்பெல்லாம் மடிந்து, காற்றுப் போன பந்து மாதிரி ஆனது. பாரம் குறைந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் இடது கையைத் தலைக்குமேல் தூக்கினேன்.

"இப்பவே அறுத்து எடுத்துட வேண்டியதுதானே டாக்டர்? எதுக்கு ரெண்டு வேலை?"

"மூணு வாரம் இப்படியே இருந்து பாருங்கம்மா. தோல் சுருங்கி வரும், எவ்வளவு வருதுன்னு பார்த்துட்டு அறுக்கலாம். காலியான பையைச் சின்ன ஓட்டை வழியா எடுத்துடலாம், காயமும் சின்னதா இருக்கும். அதோட நீங்களும் முடிவு பண்ணணும். இந்த இடத்துல புதுசா ஒண்ணு வைக்கணுமா, இல்ல இப்படியே விட்டுடலாமான்னு. கண்ணாடியில பார்த்துக்குங்க, ரவிக்கை போட்டுப் பாருங்க, நாலு இடம் போய்ட்டு வாங்க. புதுசு வேணும்னாலும் இங்க காசு கிடையாது."

என் உடம்பைப் பற்றி நீ முடிவு பண்ணு என்று ஒருத்தர் சொல்லி நான் அதுவரைக்கும் கேட்டதில்லை.

இப்போது பின்னால் போகணும்.

நான் பிறந்தது மயிலாப்பூர். அப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் மாடவீதி, கபாலி கோயில் குளம் என்று அவர்களாகவே நினைத்துக்கொள்வார்கள். கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு அது வசதியாக இருந்தது, மறுக்கவில்லை. மாடவீதிக்குப் பின்னால் கால்வாய்ப் பக்கம் எங்கள் குடிசைகள். பிறகு குடிசை மாற்று வாரியம் கட்டின மூணு மாடிக் கட்டடம். நைனா கார்ப்பரேஷனில் குப்பை வாரினார். அம்மா மாடவீதியில் ரெண்டு வீட்டில் கொல்லைப்புறமாகப் போய்ப் பாத்திரம் தேய்த்தாள். அந்த மாமி தீபாவளிக்குப் பழைய ரவிக்கை கொடுப்பாள். மார்ப் பக்கம் அம்மாவுக்குப் பெரிசாக இருக்கும். அம்மா ஊசி நூலில் பிடித்துப் போட்டுக்கொள்வாள். என் அறுவை சிகிச்சைக்கு அந்த மாமி 500 ரூபாய் கொடுத்தனுப்பினாள், அதையும் சொல்லிவிடுகிறேன். பணத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுத்தான் எடுத்துக்கச் சொன்னாள்.

ஆயா செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவள். சாகிற வரைக்கும் ரவிக்கை போடவில்லை. மெட்ராசுக்கு வந்து நாற்பது வருஷம் ஆகியும் போடவில்லை. ஊரில் ஆண்டை வீட்டு வாசலில் ரவிக்கையோடு நின்ற இவளுடைய அக்காளை என்ன செய்தார்கள் என்று ஒருதரம் சொன்னாள், மறுபடி கேட்டால் சொல்லமாட்டாள். திருவிதாங்கூர் தோள்சீலைக் கலகம் பற்றி நான் ஒரு கூட்டத்தில்தான் கேட்டேன். அடி வாங்கி, தீ வைக்கப்பட்டு, 1859-இல் நாடார் பெண்கள் மாரை மூடலாம் என்று ராஜா உத்தரவு போட்டார், அதிலும் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக் கூடாது என்று ஒரு வால். புலையர் பெண்கள் கல்மாலையை அறுத்து எறிந்தது 1915-இல், பெரிநாட்டில், அய்யன்காளி கூப்பிட்டபோது. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கு ஆயாவின் அக்கா ஞாபகம்தான் வந்தது. அவள் பேர்கூட எனக்குத் தெரியாது.

2008-இல் எனக்கு 42 வயசு. இடது மாரில் கட்டி. வலிக்காத கட்டி என்பதால் ஆறு மாசம் விட்டுவிட்டேன். எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்கிற தப்பு இது, வலித்தால்தான் நோய் என்று. பிறகு அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட். 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பித்தது. தங்கச்சி கேன்சரில் செத்ததைப் பார்த்து மனசில் வைத்துக்கொண்டு, முப்பது வருஷம் கழித்துக் கட்டினார். அந்தம்மாவுடைய தாயார் தேவதாசிக் குலத்தில் பிறந்தவர், தேவதாசி முறையை ஒழிக்க நின்றவரும் இந்தம்மாதான். எங்கள் தெருவில் யாருக்கும் இந்தக் கதையெல்லாம் தெரியாது. 'அடையாறுக்குப் போறாங்க' என்றால் கேன்சர் என்று அர்த்தம், அவ்வளவுதான். காசு இருக்கிறவனும் இல்லாதவனும் ஒரே வராந்தாவில் உட்கார்ந்திருப்பதை அங்கேதான் பார்த்தேன். மாரை எடுத்தார்கள், அக்குள் கட்டியையும் எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள், கரண்டு வைத்தார்கள். உயிர் பிழைத்தேன்.

நைனா பார்க்க வந்தார். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்ட முதல் கேள்வி: "எடுத்ததை என்னா பண்ணாங்க?"

அம்மா அவரைத் திட்டினாள். எனக்கு மட்டும் புரிந்தது. ஆஸ்பத்திரிக் கழிவுக்கென்று தனிச் சட்டம் வந்தது 1998-இல்தான். அதுக்கு முன்னால் நர்சிங் ஹோம்காரர்கள் தெருத் தொட்டியில்தான் கொட்டினார்கள். பஞ்சு, ஊசி, ரத்தத் துணி. நைனா அதில் கை விட்டு வாரினவர். ஒருநாள் பொட்டலமாகக் கட்டின சதையைப் பார்த்துவிட்டு வந்து ரெண்டு நாள் சாப்பிடவில்லை. குழந்தையா வேறெதுவா என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. அவருடைய பெண்ணின் மாரும் அப்படி எவனோ ஒருத்தன் கையில், எங்கள் சாதிக்காரன் கையில்தான், போகும் என்று அவர் கணக்குப் போட்டுவிட்டார். இப்போ மஞ்சள் பையில போட்டுத் தனியா எரிச்சிடறாங்க நைனா என்றேன். "சரி" என்றார்.

ரெண்டு மாசத்தில் கடைக்குப் போனேன். புடவைக் கடையில் விற்கிற பெண் என்றால் பேச்சு மட்டும் பத்தாது. கஸ்டமர் ஒரு புடவையைக் கையில் எடுத்தால், அதை நம் தோளில் போட்டு, மடிப்பு வைத்து, முந்தியை விரித்து, நின்று காட்டணும். நாள் முழுக்க நான்தான் பொம்மை. இடது தோளில்தான் முந்தி வரும். இடது பக்கம்தான் எனக்கு ஒன்றும் இல்லை. முதல் வாரம் பழைய துணியை மடித்து வைத்துக்கொண்டேன், மேலே ஏறிக் கழுத்துக்கு வந்துவிட்டது. பாரம் இருந்தால்தான் நிற்கும் என்று அடையாறில் ஒரு அக்கா சொல்லிக்கொடுத்தாள். கேழ்வரகைத் துணிப்பையில் தைத்து வைத்தேன். அது நன்றாக நின்றது. ஆனால் வேர்வை. ஐப்பசி மழையில் நனைந்துவந்த ஒரு நாள் புளித்த நாற்றம் வந்தது, களி கிண்டின பானை மாதிரி. இன்னும் ரெண்டு நாள் விட்டால் முளைத்திருக்கும். கஸ்டமர் ஒரு அம்மா மூக்கைச் சுளித்தாள். அன்று சாயங்காலம் சூபர்வைசர் கூப்பிட்டு, நாளையிலிருந்து கீழே குடோனில் பெட்டி பிரிக்கிற வேலை பார் என்றார். சம்பளத்தில் 800 ரூபாய் குறைவு, விற்பனைக் கமிஷன் கிடையாது. கேன்சர் என்று நான் சொல்லவே இல்லை. அவரும் கேட்கவில்லை.

ஆசைக்காக வைத்துக்கொண்டாள் என்று யாராவது சொன்னால் ஆகட்டும். ஆசை இருந்தால்தான் என்ன தப்பு? எனக்கு ஆசையும் இருந்தது. ஆனால் முக்கியமாக மேல்மாடிக்குத் திரும்பிப் போகணும்.

2010-இல் தென்சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம். ரெண்டு தடவை ஆபரேஷன் என்றார்கள். மாரை எடுத்த இடத்தில் தோல் இழுத்துக் கட்டினமாதிரி இருக்கும், அதில் எதையும் நேராக வைக்க முடியாது. அதனால் முதலில் சதைக்கு அடியில் காலிப் பை வைத்து, வாராவாரம் போர்ட் வழியாகச் சலைன் ஏற்றி, தோலை மெள்ள மெள்ள விரிக்கணும். எக்ஸ்பாண்டர் என்று பேர். பிள்ளைத்தாய்ச்சி வயிறு விரிகிற மாதிரிதான். விரிந்தபிறகு அந்தப் பையை எடுத்துவிட்டு நிரந்தரமானதை வைப்பது ரெண்டாவது ஆபரேஷன். சில மாசத்துக்கென்று செய்த பை அது. முதல் தடவைக்கு 60,000. அம்மாவின் தோடு, என் தாலிச் சரடு, மீதி வட்டிக்கு. ஆறு வாரம், வாரத்துக்கு 60 மில்லி. ஒவ்வொரு தடவையும் ரெண்டு நாள் நெஞ்சு இறுக்கும், மூச்சு விடப் பயமாக இருக்கும்.

மேலே போனேன். மறுபடியும் தோளில் முந்தி போட்டேன்.

ரெண்டாவது ஆபரேஷனுக்கு 80,000. வட்டியே கட்டி முடியவில்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று போனது. வீட்டுக்காரர் பெயிண்டர், சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். பையன் பாலிடெக்னிக். நைனா போனார். தற்காலிகமாக வைத்தது அப்படியே நின்றுவிட்டது. எங்கள் தெருவில் வெள்ளத்துக்குத் தற்காலிகமாகப் போட்ட தகரக் கொட்டகையில் பத்து வருஷம் குடும்பம் நடத்தினவர்கள் உண்டு, அதனால் எனக்கு அது பெரிசாகத் தெரியவில்லை.

ஆனால் உடம்புக்குத் தெரிந்தது. கரண்டு வைத்த தோல் சாதாரணத் தோல் மாதிரி இல்லை. வெளியிலிருந்து எதை வைத்தாலும் அதைச் சுற்றி உடம்பு ஒரு சவ்வு கட்டும். அது இயல்பு. கரண்டு வைத்தவர்களுக்கு அந்தச் சவ்வு தடித்து, இறுகி, பையைப் பிழிய ஆரம்பிப்பது அதிகம். என் இடது மார் கல்லாகிவிட்டது. தேங்காய் மூடியைக் கவிழ்த்து வைத்தமாதிரி. மேலே ஏறிக்கொண்டது. நெரிசலில் யாராவது இடித்தால் இடித்தவனுக்குத்தான் வலிக்கும். ரங்கநாதன் தெருவில் ஒருத்தன் கையை வைத்துவிட்டு, பயந்து திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினான். அதை நினைத்து நானும் கூட வேலை செய்கிற பெண்ணும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

2018 பிப்ரவரி. ஸ்டான்லியில் மார்பகத்துக்கென்று தனிப் பிரிவு திறந்தார்கள். கேன்சரில் மாரை எடுத்தவர்களுக்கும், மார் பெரிசாகி முதுகு வலிக்கிறவர்களுக்கும் இலவச அறுவை சிகிச்சை. ஏழைகளுக்கு மட்டும் ஏன் இது கிடைக்கக் கூடாது, இல்லாவிட்டால் கடன் வாங்கிப் போய்க் கெட்டுப்போவார்கள் என்கிற மாதிரி சுகாதார மந்திரி பேசினார். வடசென்னைத் தொழிற்சாலை மெஷினில் சிக்கி நசுங்கின கைகளை ஒட்டவைத்துப் பேர் வாங்கின பிரிவு அது. அவர்களுக்கு இது புதுசு இல்லை. ஆனால் வெளிநாட்டுப் பத்திரிகை வரைக்கும் 'இலவச மார்பு' என்றுதான் போட்டார்கள்.

கடையில் அன்று மத்தியானம் கூட்டம் இல்லை. சூபர்வைசர் போனில் படித்தார். "இலவச அரிசி, இலவச டி.வி., இலவச மிக்சி, இப்ப இதுவும் குடுக்கறானாம்." கேஷ் கவுண்டர் ஆள் சொன்னார்: "சேரில இனி கியூ நிக்கும் பாருங்க. இதுங்களுக்கெல்லாம் இது எதுக்கு?" எல்லாரும் சிரித்தார்கள். பெண்களும் சிரித்தார்கள். நான் புடவை மடித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் வாய் சிரித்தமாதிரி போனது. அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. அவர்கள் சொன்னது ஆறிவிட்டது.

அந்தச் சிரிப்புக்காக நாலு வருஷம் நான் ஸ்டான்லிக்குப் போகவில்லை. மந்திரி நல்லவரா கெட்டவரா, ஓட்டுக்காகச் செய்தாரா என்பதெல்லாம் தோழர்கள் பேசிக்கொள்ளுங்கள். என் கேள்வி வேறே. பணக்காரப் பெண் காசு கொடுத்தால் அது சிகிச்சை, சேரிப் பெண்ணுக்கு அரசாங்கம் கொடுத்தால் அது கேலி. ஏன்?

இந்தப் பையின் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் சிலிக்கோன் பையை 1962-இல் அமெரிக்காவில் ஹூஸ்டனில் ஒரு பெண்ணுக்கு வைத்தார்கள். உள்ளே கூழ் மாதிரி சிலிக்கோன். உப்புத் தண்ணிப் பை அதுக்குப் பிறகு பிரான்சில் வந்தது. கூழ் கசிகிறது என்று வழக்குமேல் வழக்கு வந்து, 1992-இல் அமெரிக்க அரசாங்கம் கூழ்ப் பையை நிறுத்திவைத்தது, கேன்சர் வந்தவர்களைப் போலச் சிலருக்கு மட்டும் கண்காணிப்போடு கொடுத்தது. 2006 வரைக்கும் அங்கே மற்றவர்களுக்கெல்லாம் உப்புத் தண்ணிதான். ஓட்டையானாலும் மூத்திரத்தில் போய்விடுமே. பிரான்சில் ஒரு கம்பெனி மருத்துவத்துக்குச் சேராத மலிவான தொழிற்சாலைச் சிலிக்கோனை அடைத்து உலகம் முழுக்க விற்று 2010-இல் மாட்டியது. 2019-இல் இன்னொரு கம்பெனியின் சொரசொரப்பான பைகளால் ஒருவகை ரத்தக் கேன்சர் வருகிறது என்று உலகம் முழுக்கத் திரும்ப வாங்கினார்கள், எக்ஸ்பாண்டரையும் சேர்த்து. இதைப் பையன் போனில் படித்துக் காட்டினான். "உனக்கு வச்சது எந்தக் கம்பெனிம்மா?" என்றான். தெரியவில்லை. பையின் கம்பெனி, நம்பர் எல்லாம் எழுதி ஒரு அட்டை கொடுக்கணும். எனக்குக் கொடுத்தது பணம் கட்டின ரசீது மட்டும்தான். நேரில் போய்க் கேட்டேன். பழைய ரெக்கார்டு இல்லை என்றாள் கவுண்டரில் இருந்த பெண். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

கடைசியில் போகவைத்தது முதுகு. காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பதரை வரைக்கும் நிற்கிற வேலை. கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் கொடுக்கணும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2021 செப்டம்பரில்தான். அதுக்குள் என் இடுப்பு போய்விட்டது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். ஸ்கேன் அறையில் உடம்பில் இரும்பு ஏதாவது இருக்கா என்று கேட்டார்கள். மெட்டியைக் கழற்றினேன். மார்ல பை இருக்கு என்றதும் அந்தப் பையன் மெஷினை விட்டு என்னைத் தள்ளி நிற்க வைத்தான். எம்.ஆர்.ஐ. என்பதே பெரிய காந்தம். போர்ட்டுக்கு அடியிலிருக்கிற காந்தத்தை அது இழுக்கும், புரட்டும், சூடாக்கும். பையை எடுத்துவிட்டு வாங்க என்று அனுப்பிவிட்டான். அதுவரைக்கும் எனக்குள் ஒரு காந்தம் இருக்கிறது என்றே எனக்கு யாரும் சொல்லவில்லை.

அப்படித்தான் மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறி, பீச்சில் மாறி, ராயபுரம் இறங்கி ஸ்டான்லிக்குப் போனேன்.

தண்ணி எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று கண்ணாடியில் பார்த்தேன். தொங்கின தோலுக்குக் கீழே மடிந்த பை தட்டுப்பட்டது. வட்டமாகப் போர்ட் மட்டும் துருத்திக்கொண்டு. அசிங்கமாக இருந்தது, மறைக்கவில்லை. பழைய கேழ்வரகுப் பையைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஒரு கைத்துண்டை மடித்து வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதல் வாரம் தோல் கொஞ்சம் சுருங்கினது. டாக்டரம்மா சொன்னது சரிதான், நாளுக்கு நாள் தெரிந்தது. காலையில் எழுந்ததும் மாரைத் தடவிப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. புதுசு வைக்கலாமா? காசு இல்லை, வட்டி இல்லை. வைத்துக்கொண்டால் இன்னும் நாலு வருஷம் மேல்மாடியில் நிற்கலாம். வேண்டாம் என்றால் துண்டுதான். ராத்திரியில் ஒரு மாதிரி, காலையில் ஒரு மாதிரி மனசு.

அந்த மூணு வாரத்துக்குள்தான் கோவிந்தசாமி நகரில் இடித்தார்கள். ஆர்.ஏ.புரம், பக்கிங்காம் கால்வாய் ஓரம். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். சின்னம்மா அங்கேதான் குடியிருந்தாள். கோர்ட் உத்தரவு, பொக்லைன், போலீஸ். பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம் என்று கெஞ்சினார்கள். பெரும்பாக்கம் போ என்றால் யார் போவார்கள், வேலை எல்லாம் இங்கே மயிலாப்பூர், அடையாறு, மந்தைவெளி வீடுகளில் இருக்கும்போது? மே 8, ஞாயிற்றுக்கிழமை, ஒரு மனுஷன் எல்லார் முன்னாலும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திக்கொண்டார். ஆஸ்பத்திரியில் செத்துப்போனார்.

பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து சொன்னபோது நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு ஓடினேன். தெரு முழுக்கக் கூட்டம், அழுகை, மண். சின்னம்மா கட்டிலையும் பீரோவையும் தெருவில் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, ஸ்டவ், குக்கர், மாமனார் போட்டோ எல்லாவற்றையும் ஒரு பழைய புடவையில் கட்டி, "இதைப் புடிடி, உன் வூட்ல வச்சுரு" என்று என் மாரில் சாய்த்தாள். ரெண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். குக்கர் கைப்பிடி போர்ட்டில் அழுத்தினது. அப்போதுதான் துண்டு வைக்காமல் வந்திருக்கிறேன் என்று ஞாபகம் வந்தது. குனிந்து பார்த்தேன். ரவிக்கை இடது பக்கம் தொளதொளவென்று கிடந்தது. சுற்றிலும் பார்த்தேன். ஒருத்தர் கண்ணும் அங்கே இல்லை. அன்று ராத்திரி வரைக்கும் மூணு தடவை சாமான் தூக்கினேன்.

மே மூணாவது வாரம் ஆபரேஷன். "என்னம்மா முடிவு பண்ணீங்க?" என்றார் டாக்டரம்மா. எடுத்துடுங்க, புதுசு வேணாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. பயமும் இருந்தது, அலுப்பும் இருந்தது. அந்தத் தெருவில் தூக்கிக்கொண்டு நடந்ததும் இருந்தது. வேறே ஒரு பெண் வேண்டும் என்று சொன்னால் அவள் பக்கம்தான் நான் நிற்பேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு திருநங்கை வேறே ஏதோ ஆபரேஷனுக்கு வந்து படுத்திருந்தாள். எப்போதோ பம்பாய்ப் பக்கம் கடன் வாங்கி மார் வைத்துக்கொண்டாளாம். நான் எடுக்கப்போகிறேன் என்று கேட்டு அவளால் நம்பவே முடியவில்லை. "அக்கா, நான் இதுக்காக ஒன்பது வருஷம் பிச்சை எடுத்தேன்" என்றாள். ரெண்டு பேரும் சரிதான் என்றுதான் எனக்குப் பட்டது.

மயக்கம் தெளிந்தபிறகு பையைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். கேட்டால் காட்டுவார்கள் என்றே எனக்கு அதுவரைக்கும் தெரியாது. சிஸ்டர் டிரேயில் கொண்டுவந்தார். கலங்கலாக, தளர்ந்து, காலி பால் கவர் மாதிரி கிடந்தது. நடுவில் அந்தக் காசு. தடித்த சவ்வையும் உரித்து எடுத்திருந்தார்கள், அது பரிசோதனைக்குப் போனது, கெடுதல் ஒன்றும் இல்லை என்று பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. பைக்குப் பின்னால் பொடி எழுத்தில் கம்பெனி பேரும் நம்பரும் இருந்தது. டாக்டரம்மா அதை என் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பையன் தேடிப் பார்த்தான், திரும்ப வாங்கின பட்டியலில் அது இல்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து எனக்கு அந்த நம்பர் கிடைத்தது.

வார்டு கூட்டுகிற அம்மா மஞ்சள் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். கையில் க்ளவுஸ் இருக்கா என்று பார்த்தேன். ஒரு கையில் இருந்தது. எந்த ஊரும்மா என்று கேட்டேன். புளியந்தோப்பு என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

தையல் பிரித்தபிறகு இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கடையில் என்னைக் கேட்காமலே மறுபடி குடோனுக்கு அனுப்பினார்கள். இந்தத் தடவை ஸ்டூல் கேட்டேன், சட்டம் இருக்கு என்றேன். பத்து நாள் இழுத்தடித்துப் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று வந்தது. அதில் நானும் இன்னும் ரெண்டு பெண்களும் மாற்றி மாற்றி உட்காருகிறோம்.

போன மாசம் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்க மந்தைவெளி டெய்லரிடம் போனேன். எங்கள் ஆள்தான், இருபது வருஷமாகத் தைக்கிறார். அளவு ரவிக்கையைக் கொடுத்தேன். எப்போதும்போல டேப்பை எடுத்தார். "அண்ணே, இடது பக்கம் டக்ஸ் வேணாம்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். உடனே நோட்டைப் பார்த்துக்கொண்டார். "அப்ப வலது பக்கம் மட்டும் வச்சிரட்டா? முந்தி போட்டா தெரியாது."

"தெரிஞ்சாலும் பரவால்லண்ணே. கையி மட்டும் லூசா வைங்க, நல்லாத் தூக்க வரணும்."

நோட்டில் 'இடது பிளெயின், கை லூஸ்' என்று எழுதிக்கொண்டு, வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.